பதினேழாம் பெட்டியின் பச்சை நோட்டு

மார்ச் 5

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

முதலில் என் கையெழுத்துக்காக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் எழுத்துகள் கோட்டில் நிற்க மாட்டேன் என்று அடம் பிடிக்கின்றன. சில குண்டாக இருக்கின்றன, சில நோஞ்சானாக இருக்கின்றன. 'ஞ' வரும் இடங்களில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். சிக்கிக்கொண்ட டேப்பைப் பிரிப்பதுபோல் இருக்கிறது அதை எழுதுவது. இந்தப் பத்து வரிக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் போய்விட்டது.

ஆமாம் அம்மா, நான்தான். யாரிடமும் சொல்லி எழுதவில்லை. நீங்கள் தெருக்களின் கதையைப் புத்தகமாக எழுத, முப்பத்தொரு வருஷம் உங்களோடு தெருத்தெருவாக அளவெடுக்க வந்து, டேப்பின் பூஜ்ய முனையைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் நின்றேனே, அதே ஆள். மறுமுனையில் நீங்கள் எண்ணைச் சத்தமாகச் சொல்லி நோட்டில் எழுதுவீர்கள். நான் என்ன எழுதுகிறீர்கள் என்று எட்டிப் பார்ப்பேன். எறும்பு ஊர்வதுபோல் இருக்கும். இப்போது அந்த எறும்புகள் என்னோடு பேசுகின்றன.

வார்டு நூலகத்தின் மாடியில் பெரியவர்களுக்கு வகுப்பு நடக்கிறது. சொல்லிக்கொடுப்பவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அம்மா. "உள்ள போங்க, உள்ள போங்க, 'க'வுக்குப் பின்னாடி நிறைய எடம் இருக்கு" என்றுதான் ஆரம்பிப்பார். என் வீட்டுக்காரிக்குத்தான் பிடிக்கவில்லை. "எழுபத்திரண்டு வயசுல எழுதி யாருக்கு ஆர்டர் போடப் போறீங்க?" என்கிறாள்.

எழுத்துக் கூட்டத் தெரிந்ததும் நான் போன முதல் இடம் ஆவணக் காப்பகம். உங்கள் நோட்டுகளையும் காகிதங்களையும் போட்டு நீங்கள் நன்கொடையாகக் கொடுத்த நாற்பத்து மூன்று பெட்டிகளைப் பார்க்க ஆசை. அங்கே பொறுப்பில் இருக்கும் அம்மா, பெட்டிகள் ஏப்ரல் 15ஆம் தேதிதான் எல்லோருக்கும் திறக்கப்படும், பட்டியல் இன்னும் முடியவில்லை என்றார். நான் யார் என்று சொன்னேன். "அட, புத்தகத்தோட முதல் பக்கத்துல இருக்கிற டேப்புக்காரர் நீங்களா?" என்று எழுந்தே நின்றுவிட்டார். உள்ளே கூட்டிப்போய் நாற்காலி போட்டார். பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு பென்சில் கொடுத்தார்.

பதினேழாம் பெட்டியில் ஒரு பச்சை நோட்டு. அட்டையில் 'கிடங்குச் சுவர்ச் சந்து' என்று உங்கள் கையெழுத்தில் இருந்தது. எங்கள் சந்து! உள்ளே மூன்றாம் பக்கத்தின் முதல் வரி, 'டேப்புக்காரர் சொன்னது'. நான் அம்மா, நான்! சந்தோஷத்தில் பென்சில் கீழே விழுந்துவிட்டது. அடுத்த வரியைப் படித்தேன். 'வெள்ளம் வடிந்து நாலு மாதம் கழித்துத்தான் இங்கே வந்தோம்.' அதோடு நோட்டை மூடிவிட்டேன்.

உங்களுக்கு விஷயம் தெரிந்திருக்காது. கிடங்குக்காரர்கள் எங்கள் சந்து தங்களுடையது என்று வழக்குப் போட்டிருக்கிறார்கள். பெரிய வெள்ளத்துக்கு முன்பே குடியிருந்தவர்களுக்கு அங்கேயே இடம், பின்னால் வந்தவர்கள் காலி செய்ய வேண்டும் என்பது விதி. முப்பத்தெட்டு வீட்டுக்காரர்களும் வெள்ளத்துக்கு முன்பே வந்தோம் என்று சத்தியம் செய்து கைநாட்டு வைத்திருக்கிறோம். விசாரணை ஏப்ரல் 23.

போனில் சொல்லலாம் என்றால், உங்களுக்குக் கேட்கும்படி நான் கத்தினால் சந்து முழுக்கக் கேட்டுவிடும். அந்த நோட்டு காப்பகத்துக்குப் போகலாமா அம்மா? அது எப்படிப் போனது என்பதில் எனக்கும் சொல்ல ஒன்று இருக்கிறது. இப்போது கை வலிக்கிறது.

இப்படிக்கு,
டேப்பு

—

மார்ச் 11

டேப்புக்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கையெழுத்துக்காக மட்டும். 'ஞ' நன்றாகவே வந்திருக்கிறது. என் மகன், யாருடைய கடிதம் என்று கேட்டான். என்னோடு வேலை பார்த்தவர் என்றேன். இத்தனை வருஷத்தில் அப்படி ஒருமுறைகூட நான் உங்களை யாரிடமும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மூன்றாம் முறை உங்கள் கேள்விக்காகப் படித்தேன்.

அந்த நோட்டு அங்கே இருக்கக்கூடாது. கிடங்கு வாசலில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் சொன்னதை எழுதினேன். "எழுதிக்கோங்கம்மா, ஆனா வெளிய போகக்கூடாது" என்றீர்கள். வாக்குக் கொடுத்தேன். அப்படி வாக்குக் கொடுத்து எழுதியவை பதினோரு நோட்டுகள். அவற்றை வீட்டிலேயே இரும்பு அலமாரியில் வைக்கச் சொல்லிச் சீட்டு ஒட்டியிருந்தேன். பெட்டிகள் போனபோது நான் இடுப்பு எலும்பு அறுவை சிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் இருந்தேன். உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கட்டுகூட மாறிப் போனதில்லையே, இது எப்படி நடந்தது?

இதைவிட மோசமான செய்தியையும் சொல்லிவிடுகிறேன். நன்கொடைப் பத்திரத்தில் எந்த நிபந்தனையும் இல்லாமல் கையெழுத்துப் போட்டேன். அதைப் பெருமையாக வேறு பேசினேன். இடித்த வீடுகளின் பட்டியலை நகராட்சி பூட்டி வைத்ததற்கு எதிராகப் பன்னிரண்டு வருஷம் அலைந்தவள் நான். 'பூட்டிய காகிதமும் எரித்த காகிதமும் ஒன்று' என்று பத்திரம் கொடுத்த மேடையில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

என் மூன்றாம் புத்தகத்தின் அடிக்குறிப்பு ஒன்றில் 'பச்சை நோட்டு, எண் 9' என்று எழுதியிருக்கிறேன். கவனமான வக்கீல் யாராவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு நேரே வந்துவிடுவார். யாராவது கேட்டார்களா என்று பேச்சுவாக்கில் விசாரியுங்கள். நேராகக் கேட்காதீர்கள். எதையும் தொடாதீர்கள். உடனே எழுதுங்கள்.

அன்புடன்,
அம்மா

—

மார்ச் 18

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

'உடனே எழுதுங்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள். என் உடனே ஐந்து நாள் பிடிக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

எப்படி நடந்தது என்று கேட்டீர்கள். சொல்கிறேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பதால் நமக்குள் நூல்தான் பேச்சு. வெள்ளை நூல் கட்டினால் அச்சுக்குப் போவது. கறுப்பு நூல் கட்டினால் மறுபடி அளக்க வேண்டியது. சிவப்பு நூல் கட்டினால் யார் கண்ணிலும் படக்கூடாதது. முப்பத்தொரு வருஷம் நான் நூலைப் பார்த்து எடுத்தேன், நூலைப் பார்த்து வைத்தேன். ஒன்றும் மாறவில்லை.

அன்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தீர்கள். "எல்லாத்துலயும் சீட்டு ஒட்டிட்டேன், பாத்து ஏத்தி விட்டுடுங்க" என்றீர்கள். நான் உங்கள் அறைக்குப் போனேன். மேஜை, கட்டில், ஜன்னல் திட்டு எல்லா இடமும் கட்டுகள். நூல் எங்கே என்று தேடினேன். ஒரு கட்டிலும் நூல் இல்லை. எல்லாவற்றிலும் வெள்ளைச் சீட்டு. எல்லாச் சீட்டிலும் எறும்பு.

கீழே லாரி ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. ஏற்ற வந்தவர்களில் ஒருவர், "பெரியவரே, நீங்கதான் இங்க பொறுப்பா?" என்றார். நான் மார்பை நிமிர்த்தி ஆமாம் என்றுவிட்டேன். அப்படிச் சொன்னவன், "தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு" என்று எப்படிக் கேட்பேன்? ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கேட்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் பெட்டியில் போட்டுவிட்டேன். பசை சரியாகப் பிடிக்காததால் பாதிச் சீட்டுகள் வழியிலேயே உதிர்ந்தன.

ஒரு சீட்டு என் சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டு வீடுவரை வந்தது. அதை மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டு வைத்தேன். யாரிடமும் காட்டவில்லை. அதில் என்ன இருக்கிறதோ என்ற பயத்தில்தான் வகுப்பில் சேர்ந்தேன். படிப்பு ஆசையால் சேர்ந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னது பொய். வகுப்பின் நாற்பத்து மூன்றாம் நாள் அதை எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்தேன். கொ. கொடு. கொடுக்க. நான் ஒரு சொல்லைப் படித்துவிட்டேன் அம்மா! யார் உதவியும் இல்லாமல்! அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம் இருந்தது. அடுத்த சொல் 'வேண்டாம்'.

கண்டக்டரம்மா என் முகத்தைப் பார்த்து, "என்ன பெரியவரே, டிக்கெட்டத் தொலைச்சிட்டீங்களா?" என்றார்.

இப்போது கேளுங்கள். நான் விசாரிக்க வேண்டிய அவசியமே வரவில்லை. காப்பகப் பொறுப்பாளர் அம்மாவே சிரித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு வக்கீல் உங்க சந்தைப் பத்தி என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் பதினஞ்சாம் தேதி காலையிலயே பாக்கணும்னு எழுதியிருக்கார். எவ்வளவு ஆர்வம் பாருங்க!" கிடங்குக்காரர்களின் வக்கீல்தான்.

என் மேல் அந்த அம்மாவுக்கு நம்பிக்கை. பெட்டியைக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுகிறார். வாசலில் பையைத்தான் சோதிக்கிறார்கள், சட்டையைச் சோதிப்பதில்லை. அந்த வரி ஒரே ஒரு தாளில்தான் இருக்கிறது.

என் வீட்டுக்காரி துணிமணியை ஒரு பையில் கட்டிக் கதவோரம் வைத்துவிட்டாள். போகவர அது என் காலில் இடறுகிறது. நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம். ஆனால் சீக்கிரம் சொல்லுங்கள்.

டேப்பு

—

மார்ச் 22

டேப்புக்காரருக்கு,

கிழிக்காதீர்கள்.

இதைப் படிக்கும்போது ஏற்கெனவே கிழித்துவிட்டிருப்பீர்களோ என்னவோ. விரைவு அஞ்சலில் அனுப்பச் சொல்லி மகனை விரட்டுகிறேன்.

என் நோட்டுகளில் ஒவ்வொரு பக்கத்துக்கும் எண் போட்டிருக்கிறேன். மூன்றாம் பக்கம் இல்லையென்றால், அங்கே என்ன இருந்தது என்று முதல் கேள்வி வரும். கடைசியாகப் பெட்டியைத் தொட்டது யார் என்பது இரண்டாவது கேள்வி. அப்புறம் முப்பத்தெட்டு வீட்டுச் சத்தியத்தையும் ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

இப்போது சீட்டு விஷயம். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம், வலியோடு நாற்காலியில் உட்கார்ந்து அவற்றை எழுதினேன். மயக்க மருந்திலிருந்து எழுந்திருப்பேனா என்று பயம். செத்துப்போனால் யாரோ தெரியாதவர்கள் வந்து எடுத்துவைப்பார்கள், அவர்களுக்குப் புரிய வேண்டுமே என்று எழுதிக்கொண்டே போனேன். எடுத்துவைக்கப் போவது நீங்கள் என்பது தெரிந்தும் மறந்தேன். நூல்கண்டு என் கைக்கெட்டும் மேஜை இழுப்பறையில்தான் இருந்தது. தப்பு உங்களுடையது இல்லை. ஒன்றரை வருஷம் அந்தச் சீட்டைக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொண்டு தனியாகத் திரிந்திருக்கிறீர்கள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் நான் என்ன பேசியிருப்பேன் என்று யோசித்தேன். திட்டியிருப்பேன். அதுவும் உண்மை.

நோட்டை முப்பது வருஷத்துக்குப் பூட்டி வைக்கும்படி காப்பகத்துக்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். காலையில் உறையில் போடுகிறேன், மாலையில் வெளியே எடுக்கிறேன். பூட்டினால் கோர்ட்டில் கேட்டுத் திறந்துவிடுவார்கள், அப்போது பூட்டியதே சாட்சியாகிவிடும் என்று ஒரு பக்கம். மேடையில் பேசிய பேச்சு இன்னொரு பக்கம். பயத்தில் எது காரணம், எது சாக்கு என்று எனக்கே பிரியவில்லை.

ஒன்று மட்டும் செய்யுங்கள். ஒரு வரி படித்துவிட்டு நோட்டை மூடியிருக்கிறீர்கள். இதை நான் காலேஜில் என் மாணவர்களிடம்கூடப் பொறுத்துக்கொண்டதில்லை. முழுவதையும் படியுங்கள். அட்டை முதல் அட்டை வரை. அதற்குப் பிறகு முடிவு செய்வோம்.

அம்மா

—

மார்ச் 31

அம்மாவுக்கு,

கிழிக்கவில்லை.

நீங்கள் சொன்னபடி படித்தேன். பதினான்கு பக்கம். ஐந்து நாள் போய் வந்தேன். பொறுப்பாளர் அம்மா, "படிச்சு டிகிரி வாங்கப் போறீங்களா?" என்று கேலி செய்தார்.

பின்பக்க அட்டையின் உட்புறத்தில் ஒரு காகித அட்டை ஒட்டியிருக்கிறது. பழுப்பு நிறம், உள்ளங்கை அளவு, ஓரத்தில் ஊதா முத்திரை. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. என்னுடையது. வெள்ளம் வடிந்தபின் சேறு அள்ள நகராட்சி எங்களை லாரிகளில் ஏற்றி வந்தபோது, லாரியிலிருந்து இறங்கிய ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒன்று கொடுத்தார்கள். அதைக் காட்டினால் சாப்பாட்டுப் பொட்டலம் தருவார்கள். சாப்பாட்டுச் சீட்டு என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

அதில் இருப்பதை அப்படியே எழுதுகிறேன். பார்த்துப் பார்த்துப் பென்சிலில் எழுதிவந்தேன்.

'நகராட்சி வெள்ளச் சீரமைப்புப் பணி. வண்டி எண் 6. இவரும் இவர் குடும்பமும் மறு உத்தரவு வரும்வரை கிடங்குச் சுவரின் வடக்குப் பக்கம் குடியிருக்க இடம் அளிக்கப்படுகிறது.' கீழே தேதி, கையெழுத்து, முத்திரை.

குடியிருக்க இடம் அளிக்கப்படுகிறது. இந்த மூன்று சொல்லையும் நான் படித்து முடிக்க அரை மணி நேரம் ஆனது. முடித்தபின் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றேன்.

வழக்கு வந்த புதிதில் நாங்கள் உண்மையைச் சொல்லத்தான் நகராட்சி ஆபீசுக்குப் போனோம். நகராட்சிதான் எங்களைக் கொண்டுவந்து இறக்கியது என்றோம். மேஜைக்காரர் சிரித்தார். "இறக்கினாங்க சரி, பேப்பர் இருக்கா?" என்றார். இல்லை என்று திரும்பி வந்தோம். அதற்குப் பிறகுதான் சந்துத் தலைவரான தையல்காரர், வெள்ளத்துக்கு முன்பே வந்தோம் என்று சொல்லிவிடலாம் என்றார். எல்லோரும் கைநாட்டு வைத்தோம்.

அந்த அட்டையை உங்களிடம் நான்தான் கொடுத்தேன். "இது என்னன்னு பாருங்கம்மா" என்று கொடுத்தேன். நீங்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். "பத்திரமா இருக்கட்டும்" என்றீர்கள். நோட்டில் வைத்துக்கொண்டீர்கள்.

என்ன எழுதியிருக்கிறது என்று எனக்கு நீங்கள் சொல்லவே இல்லை.

இதைத் திட்ட வேண்டும் என்று எழுதவில்லை. எனக்குத் திட்டி எழுதத் தெரியாது, வகுப்பில் அதுவரை வரவில்லை. ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்கிறேன்.

—

ஏப்ரல் 5

டேப்புக்காரருக்கு,

கடிதத்தின் அடியில் நீங்கள் பெயர் போடவில்லை. பார்த்தேன்.

ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்கு நான்கு நாளாகப் பதில் தேடுகிறேன். மறந்துவிட்டேன் என்று எழுதலாம். இந்த வயதில் யாரும் நம்புவார்கள். ஆனால் நீங்கள் கொடுத்த அன்று நான் மறந்திருக்க முடியாது. நிச்சயம் படித்திருப்பேன். கையில் கிடைக்கும் பஸ் டிக்கெட்டின் பின்புறத்தைக்கூடப் படிக்கிறவள் நான்.

புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். அப்போது நான் கால்வாய்களைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். சேறு அள்ள எத்தனை வண்டி வந்தது என்பது எனக்குத் தேவைப்பட்டது. உங்கள் அட்டையில் வண்டி எண் இருந்தது. அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டேன். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் 'குறைந்தது ஆறு வண்டிகள்' என்று இருக்கிறது. எனக்கு வேண்டியது கிடைத்ததும் ஒட்டிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விட்டேன். அது உங்கள் வீட்டுக் காகிதம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. இத்தனை தெருக்களின் கதையை எழுதி, பரிசும் வாங்கி, கடைசியில் எனக்குச் சொந்தமில்லாத ஒன்றை என் காகிதங்களோடு சேர்த்து நன்கொடையாகவும் கொடுத்திருக்கிறேன்.

மன்னிப்புக் கேட்கிறேன். சிறிய சொல்தான், வேறு சொல் என்னிடம் இல்லை.

நோட்டைப் பூட்டச் சொன்ன கடிதத்தைக் கிழித்துவிட்டேன். நான் வாழ்க்கையில் கிழித்த முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் வேறு ஒன்று எழுதி இதோடு வைத்திருக்கிறேன். அட்டை டேப்புக்காரருக்குச் சொந்தமானது, இன்ன நாளில் அவர் கையிலிருந்து வாங்கினேன், அதன் முத்திரையிட்ட நகலை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

ஆனால் அதன் விலையையும் நினைத்துப் பாருங்கள். அட்டையை வெளியே காட்டினால் தேதி வெளியே வரும். வெள்ளத்துக்கு முன்பே வந்தோம் என்று முப்பத்தெட்டு வீடும் செய்த சத்தியம் பொய்யாகிவிடும். அதற்குக் கோர்ட் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. இது உங்கள் ஒருவர் வீடு மட்டும் இல்லை. நான் கொடுத்த வாக்கும் இன்னும் உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் வேண்டாம் என்றால் என் கடிதம் யாருக்கும் போகாது.

உறையை ஒட்டவில்லை. நீங்களே படித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் கொண்டுபோய்க் கொடுங்கள். இனி உங்களிடம் எதையும் படித்துக்காட்டாமல் வாங்கவும் மாட்டேன், படிக்காமல் கொடுக்கச் சொல்லவும் மாட்டேன்.

பெயர் போட்டு ஒரு வரியாவது எழுதுங்கள்.

அம்மா

—

ஏப்ரல் 18

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

பெயரைக் கடைசியில் போடுகிறேன், கவலைப்படாதீர்கள். அன்று கோபத்தில் விட்டதுதான். கோபத்தில் எழுதினாலும் கை இதே வேகத்தில்தான் போகிறது. பாதியிலேயே கோபம் ஆறிவிட்டது, ஆனாலும் எழுத்துக்கு எழுத்து முடித்தேன்.

உங்கள் கடிதத்தைக் காப்பகத்துக்குக் கொண்டுபோவதற்கு முன்னால் சந்தில் படித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். எல்லோர் வீடும் அதில் இருக்கிறதே. தையல்காரர் கடையில் கூடினோம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலில் அட்டையில் உள்ளதைப் படித்தேன். மெதுவாகத்தான்.

முடித்ததும் தையல்காரர் கத்தரிக்கோலை மேஜையில் போட்டார். "முப்பத்தெட்டு வீடும் ஒரே பேச்சா நின்னோம். நீ ரெண்டு எழுத்தப் படிச்சிட்டு வந்து எங்கள ஜெயிலுக்கு அனுப்பப் பாக்கறியா?" என்றார்.

"அண்ணே, நான் படிக்கலைன்னாலும் அந்த வக்கீல் படிப்பார். அவர் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆளு இல்ல."

"அந்தம்மா கிட்ட ஏன் வாயத் தொறந்த? உன் வாயில மண்ணைப் போட!"

என் வீட்டுக்காரிதான் எழுந்தாள். வகுப்புக்குப் போகாதே என்று தினமும் சண்டை போட்டவள். "அவரு வாயத் தொறந்ததாலதான் ஒரு பேப்பராவது தப்பிச்சுது. உங்களுக்கும் அன்னிக்கு ஒண்ணு குடுத்தாங்களே, எங்க வச்சீங்க?" என்றாள்.

தையல்காரரின் மனைவி உள்ளே போய்ப் பித்தான் டப்பாவைக் கொண்டுவந்தார். அதில் காஜா நூல் சுற்றிய ஓர் அட்டை இருந்தது. இத்தனை வருஷமாக அவர் அதில்தான் நூல் சுற்றி வைத்திருக்கிறார். தீரத் தீர மறுபடி சுற்றுவார். ஒருபோதும் முழுதாகப் பிரித்ததில்லை. அன்று பிரித்தார். நூல் தரையில் குவிந்துகொண்டே போனது. அடியிலிருந்து ஊதா முத்திரை தெரிந்தது. வெளிச்சமே படாததால் நேற்று குத்தியதுபோல் இருந்தது அம்மா. தையல்காரர் அதை வாங்கிப் பார்த்தார். அவருக்கும் எழுத்துத் தெரியாது. அளவு நாடாவில் எண் மட்டும் படிப்பார். "படி" என்று என்னிடம் நீட்டினார். வண்டி எண் 4.

அப்புறம் அவரவர் வீட்டுக்கு ஓடினார்கள். மொத்தம் ஐந்து அட்டை கிடைத்தது. ஒன்று கரப்பான் அரித்தது, பாதிதான் இருக்கிறது.

சந்துக்கு வாதாடும் வக்கீலிடம் எல்லாவற்றையும் கொண்டுபோனோம். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "நகராட்சியே இடம் குடுத்திருந்தா வெள்ளத்துக்கு அப்புறம் வந்தாலும் பரவாயில்ல. இத முதல்லயே குடுத்திருந்தா வழக்கே வேற மாதிரி. இப்போ பொய்ச் சத்தியத்துக்கு ஜட்ஜ் என்ன சொல்வாருன்னு என்னால சொல்ல முடியாது" என்றார். பழைய சத்தியத்தைத் திரும்பப் பெற்றுப் புதிதாக எழுதித் தர வேண்டும் என்றார். முப்பத்தொரு வீட்டுக்காரர்கள் எழுதித் தந்துவிட்டோம். ஏழு வீட்டுக்காரர்கள் பயந்து ஒதுங்கிவிட்டார்கள். எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். நான் மட்டும் இந்தமுறை கைநாட்டு வைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். கட்டம் போதாமல் கொஞ்சம் வெளியே போய்விட்டது.

உங்கள் கடிதத்தையும் கொடுத்து, முத்திரையிட்ட நகலும் வாங்கிவிட்டேன். பொறுப்பாளர் அம்மா அதை இரண்டு முறை படித்தார். பிறகு, "இந்தக் கடிதத்தையும் அதே பெட்டியில வச்சுடறேன்" என்றார். உங்களுக்குச் சம்மதம்தானே? நான் சரி என்றுவிட்டேன்.

பதினைந்தாம் தேதி நான் சொல்லாமலே போய்ப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்துகொண்டேன். அந்த வக்கீல் வந்தார். பச்சை நோட்டைத் திறந்தார். என்ன வேகம் அம்மா அவருக்கு! கண் ஓடுகிறது. மூன்றாம் பக்கத்தில் நின்றார். சிரித்தார். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் நகல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டு நோட்டை மூடினார். கடைசி அட்டையைத் திருப்பவே இல்லை. உங்கள் மாணவராக இருந்திருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கையிலும் என் கையிலும் ஒரே நோட்டின் நகல் இருக்கிறது. அவருடையது முன்பக்கம், என்னுடையது பின்பக்கம். வியாழக்கிழமை ஜட்ஜ் எதை முதலில் பார்ப்பார் என்றுதான் நினைத்துக்கொண்டே இருக்கிறேன்.

ஜட்ஜ் கேட்டால் நானே எழுந்து படிக்க வேண்டியிருக்கும் என்று எங்கள் வக்கீல் சொல்லியிருக்கிறார். தினமும் சாயங்காலம் ஒத்திகை நடக்கிறது. கதவோரம் கட்டி வைத்த துணிப்பையின் மேல் என் வீட்டுக்காரி ஜட்ஜ் மாதிரி உட்கார்ந்துகொள்வாள். "சத்தமாப் படிங்க, கோர்ட்டுல ஃபேன் ஓடும்" என்பாள். பையை இன்னும் பிரிக்கவில்லை. வியாழன் கழியட்டும் என்கிறாள். 'அளிக்கப்படுகிறது' வரும்போது மட்டும் எனக்கு இன்னும் நாக்குத் தடுக்குகிறது.

நீங்கள் கொடுத்த வாக்கை நான் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதை நினைத்துத் தூக்கம் கெடாதீர்கள். என் அட்டையைத் திருப்பிக் கேட்கலாமா என்று யோசித்தேன். வேண்டாம், அங்கேயே இருக்கட்டும். அங்கே நனையாது. எனக்கு வேண்டும்போது போய்ப் படித்துக்கொள்கிறேன்.

வியாழக்கிழமை என்ன ஆனாலும் வெள்ளிக்கிழமை காலையில் தாளை எடுத்து உட்கார்ந்துவிடுவேன். என் வேகத்துக்கு அது தபால்பெட்டியில் விழ அடுத்த வாரம் ஆகிவிடும். அதுவரை வேறு யாரிடமும் போன் செய்து விசாரிக்காதீர்கள் அம்மா. நல்லதோ கெட்டதோ, என் கையெழுத்தில்தான் நீங்கள் படிக்க வேண்டும்.

இப்படிக்கு,
டேப்பு